"நாங்க சாதி பாக்கல டீச்சர், சுத்தம் பாக்குறோம்"

(இளைஞர் வாசிப்பு வட்டக் கூட்டம் ஒன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



என்னைப் பேச அழைத்தபோது அம்பேத்கரைப் பற்றியோ பெரியாரைப் பற்றியோ பேசச் சொல்வீர்கள் என்று நினைத்துப் பயந்தேன். "உங்க வேலையைப் பத்திப் பேசுங்கம்மா, அது போதும்" என்றார் இந்தத் தோழர். என் வேலை என்றால் மூக்குச் சளி துடைப்பது, பின்பக்கம் கழுவி விடுவது, எடை போடுவது, பதிவேடு எழுதுவது, பாட்டுப் பாடுவது. 26 ஆண்டுகள் அங்கன்வாடிப் பணியாளராக இருந்து போன வருடம் ஓய்வு பெற்றேன். ஊர்ப் பெயரையும் மாவட்டத்தின் பெயரையும் சொல்லப்போவதில்லை. சொன்னால் அந்த ஊரைத்தான் திட்டுவீர்கள்; உங்கள் ஊர் தப்பித்துவிடும்.

ஒரு காய்ச்சலைப் பற்றிப் பேசப்போகிறேன். அந்தக் காய்ச்சலின்போது நான் செய்த ஒரு தவறைப் பற்றியும்.

2022ஆம் ஆண்டு. கொரோனாவுக்குப் பிறகு மையங்களைத் திறந்து சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. அந்த மே மாதம் கேரளத்தில் கொல்லம் மாவட்டத்தில் சின்னக் குழந்தைகளுக்கு 'தக்காளி காய்ச்சல்' வருகிறது என்று தொலைக்காட்சியில் ஓடிக்கொண்டே இருந்தது. வாளையார் சோதனைச் சாவடியில் கோவைக்கு வரும் வண்டிகளை நிறுத்திக் குழந்தைகளைப் பரிசோதித்தார்கள். பெயரைக் கேட்டுவிட்டுத் தக்காளி வாங்குவதை நிறுத்தியவர்கள்கூட எங்கள் ஊரில் உண்டு. தக்காளிக்கும் அதற்கும் சம்பந்தமில்லை; கொப்புளம் சிவப்பாக உருண்டையாக இருந்ததால் வந்த பெயர். கேரளத்துக்கு வந்துவிட்டு இங்கிலாந்து திரும்பிய குழந்தைகளின் மாதிரிகளைப் பிறகு அங்கே சோதித்தபோது, அது காக்ஸாக்கி ஏ16 என்ற பழைய வைரஸ்தான் என்று தெரிந்தது. கை, கால், வாய் நோய் என்று மருத்துவர்கள் சொல்வது இதைத்தான். கேரளத்தில் 2003லேயே கோழிக்கோட்டில் இது பரவியிருக்கிறது. புதிய நோயே அல்ல.

எங்கள் மையத்தில் அப்போது 26 குழந்தைகள். ஊர்த்தெருவிலிருந்து 15, காலனியிலிருந்து 11. ஒரே அறை. அதன் ஓரத்தில் சமையல் மேடை. வெளியே ஒரு கழிவறை, ஒரு குழாய். குழாயில் தண்ணீர் வராத நாட்களுக்கு ஒரு பிளாஸ்டிக் டிரம்மும் அதில் மிதக்கும் ஒரு மக்கும். சுவரில் ஒரு ஆணி, ஆணியில் ஒரு துண்டு. அந்த ஒரு துண்டில்தான் 26 பேருக்கும் கை துடைப்பு, வாய் துடைப்பு எல்லாம். இந்தத் துண்டை மறந்துவிடாதீர்கள், பிறகு வருகிறேன்.

ஒரு திங்கட்கிழமை காலனியிலிருந்து வரும் மூன்று வயதுப் பையன் சத்துமாவுக் கொழுக்கட்டையை வாயில் வைத்ததும் துப்பிவிட்டு அழுதான். வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்தேன். நாக்கில் புண், உள்ளங்கையில் மூன்று சின்னக் கொப்புளம். நெற்றி சுட்டது. அவன் அம்மாவுக்குச் சொல்லி அனுப்பினேன். நூறு நாள் வேலையில் இருந்து பாதியில் ஓடிவந்தது அந்தப் பெண். கூட்டிக்கொண்டு போய்விட்டது. இது சரிதான். காய்ச்சலும் வாய்ப்புண்ணும் எச்சில் ஒழுகலும் இருக்கிற குழந்தை வீட்டில் ஓய்வில் இருக்க வேண்டும்; அது அந்தக் குழந்தைக்கும் நல்லது, மற்றவர்களுக்கும் நல்லது.

புதன்கிழமை காலையில் ஊர்த்தெருத் தாய்மார்கள் ஐந்து பேர் வந்தார்கள். கூட ஒரு பெரியவர். பேச்சு மரியாதையாகத்தான் ஆரம்பித்தது. "டீச்சர், டிவியில காட்டுற நோவு நம்ம பள்ளிக்கூடத்துக்கே வந்திருச்சாமே. கொஞ்ச நாளைக்கு அந்தத் தெருப் பிள்ளைகளை வரச் சொல்லாதீங்க."

ஒரு பையனுக்குத்தான் வந்திருக்கிறது, அவன் வீட்டில் இருக்கிறான் என்றேன். "ஒண்ணுக்கு வந்தா எல்லாத்துக்கும் இருக்கும்ல? அங்க எல்லாம் ஒண்ணுக்குள்ள ஒண்ணா கிடக்குதுங்க." அப்புறம் ஆயாம்மாவைப் பற்றி. எங்கள் மைய உதவியாளர் காலனியைச் சேர்ந்தவர். "அந்தம்மா இந்த ஒரு வாரம் சமையல் பக்கம் வர வேணாம். வெளி வேலையைப் பாக்கட்டும்." நான் முகத்தைப் பார்த்தேன் போல. அதில் ஒரு பெண், என்னிடம் பாட்டுப் பாடி வளர்ந்த பெண், சொன்னது: "நாங்க சாதி பாக்கல டீச்சர், சுத்தம் பாக்குறோம்."

இன்று பேச வந்தது இந்த ஒரு வாக்கியத்தைப் பற்றித்தான் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

நான் என்ன செய்தேன் தெரியுமா? சரி என்றேன். வியாழக்கிழமையிலிருந்து காலனிக் குழந்தைகள் பத்துப் பேரையும் வர வேண்டாம் என்று ஆயாம்மா வாயாலேயே சொல்லி அனுப்பினேன். ஆயாம்மாவைக் கழிவறை, வாசல் பக்கம் நிறுத்திவிட்டு நானே சமைத்தேன். மேலே இருந்தவர்களுக்குப் போன் செய்தபோது "பிரச்சனை பண்ணாம சமாளிங்க" என்றார்கள். சமாளித்தேன். நான் பிறந்தது ஊர்த்தெருவில். சான்றிதழில் பிற்படுத்தப்பட்ட வகுப்பு. அந்தப் பெண்களில் இரண்டு பேர் எனக்குச் சொந்தம். இதையெல்லாம் காரணமாகச் சொல்லவில்லை. யார் பேசுகிறார் என்று உங்களுக்குத் தெரிய வேண்டும் என்பதற்காகச் சொல்கிறேன்.

சனி, ஞாயிறில் ஊர்த்தெருவில் ஐந்து குழந்தைகளுக்குக் கொப்புளம் வந்தது.

ஏன் வந்தது என்பது கணக்குப் பார்த்தால் எளிது. இந்த வைரஸ் உடம்புக்குள் போனதிலிருந்து வெளியே தெரிய மூன்று முதல் ஆறு நாள் ஆகும். அந்தப் பையனுக்குப் புண் தெரிந்த திங்கட்கிழமையை ஒட்டியே அந்த ஐந்து பேருக்கும் தொற்றியிருக்க வேண்டும். நான் கதவைச் சாத்தியது வியாழக்கிழமை. தவிர, நோய் வந்து குணமான குழந்தையின் மலத்தில் வாரக்கணக்கில் இந்த வைரஸ் வெளியேறிக்கொண்டே இருக்கும். கொப்புளமே வராமல் வைரஸை மட்டும் சுமக்கிற பிள்ளைகளும் பெரியவர்களும் உண்டு. என் கையிலேயே இருந்திருக்கலாம். தட்டம்மையானால் தடிப்பு தெரிவதற்கு நான்கு நாள் முன்பிருந்தே பரவும். சின்னம்மை ஒன்றிரண்டு நாள் முன்பிருந்தே. குழந்தைகள் கூட்டமாக இருக்கிற இடத்தில் நோயை நாம் பார்க்கும்போது அது ஏற்கெனவே அறையைச் சுற்றி வந்திருக்கும்.

ஊர்த்தெருக் குழந்தைகளுக்கு வந்ததும் பெயர் மாறிவிட்டது. 'சூட்டுக் கொப்புளம்' என்றார்கள். ஒரு வீட்டில் 'அம்மை இறங்கியிருக்கு' என்று வேப்பிலை செருகினார்கள். ஒரு குழந்தையை மட்டும் டவுனில் தனியார் மருத்துவரிடம் காட்டினார்கள். அவர் அதே நோய்தான் என்று எழுதிக் கொடுத்தார். அதற்கப்புறம் யாரும் என்னிடம் வந்து "ஊர்த்தெருப் பிள்ளைகள் எல்லாரையும் ஒரு வாரம் வரச் சொல்லாதீங்க" என்று கேட்கவில்லை. அங்கே ஐந்து குழந்தைகளுக்கு நோய், ஐந்து குழந்தைகள் வீட்டில். மீதிப் பத்தும் வந்தன. சரியான நடைமுறை அது. அதே நடைமுறைதான் காலனிக்கும் பொருந்தியிருக்க வேண்டும்: ஒரு பையனுக்கு நோய், ஒரு பையன் வீட்டில், மீதிப் பத்தும் வகுப்பில்.

பிறகு பதிவேட்டைப் புரட்டியபோது ஒன்றைக் கவனித்தேன். அந்தத் திங்கட்கிழமைக்கு முந்தைய வாரம் வியாழன், வெள்ளி இரண்டு நாளும் ஊர்த்தெருக் குழந்தை ஒன்று வரவில்லை. 'சித்தி வீட்டுக்குப் போயிருக்கான்' என்றுதான் அப்போது சொன்னார்கள். மாதக்கணக்கில் கழித்து அவன் பாட்டி பேச்சுவாக்கில், அப்போது அவனுக்குக் காய்ச்சலும் வாய்ப்புண்ணுமாகக் கிடந்தது என்றது. இதை நான் ஊரில் யாரிடமும் சொல்லவில்லை. அங்கிருந்துதான் ஆரம்பித்தது என்று இங்கேயும் சொல்ல மாட்டேன். சொல்ல ஆசையாக இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் யாரிடமிருந்து வந்தது என்று ஒரு குழந்தையைக் கைகாட்டுகிற அந்த வேலையைத்தானே அவர்கள் செய்தார்கள்.

இப்போது சுத்தம் என்ற வார்த்தைக்கு வருகிறேன். பயம் பொய்யில்லை என்பதை முதலில் ஒப்புக்கொள்கிறேன். இதே குடும்பத்தைச் சேர்ந்த என்டரோவைரஸ் 71 என்பது மூளையைத் தாக்கக்கூடியது. 1998இல் தைவானில் 78 பேரைக் கொன்றது, பெரும்பாலும் சின்னக் குழந்தைகள். தாய்மார்கள் பயப்படுவதில் தப்பில்லை. பயந்தவர்கள் எதைக் கேட்டார்கள் என்பதைப் பாருங்கள். சோப்பு கேட்கவில்லை. இன்னொரு குழாய் கேட்கவில்லை. அந்த ஒற்றைத் துண்டு அவர்கள் கண்ணெதிரே ஆணியில் தொங்கியது. ஒருவரும் அதைக் காட்டி "இதென்ன டீச்சர்" என்று கேட்கவில்லை. சமையல் மேடையிலிருந்து ஒரு ஆளை நகர்த்தச் சொன்னார்கள். அறையிலிருந்து பத்து ஆரோக்கியமான குழந்தைகளை நகர்த்தச் சொன்னார்கள்.

ஆயாம்மா விஷயத்தில் ஒரு விபரீதம் இருக்கிறது. சுகாதாரப்படி பார்த்தால் கழிவறை கழுவி, குழந்தைகளின் மலம் கழுவி விடுகிற அதே கை அடுத்த பத்து நிமிடத்தில் சோறு பரிமாறக் கூடாதுதான். வாந்திபேதி வைரஸ்களுக்கும் கை, கால், வாய் நோய்க்கும் அதுதான் ராஜபாட்டை. இரண்டு வேலைக்கும் இரண்டு ஆட்கள் வேண்டும். 26 ஆண்டில் அதை ஒருவரும் கேட்டதில்லை, எங்கள் சங்கத்தைத் தவிர. ஒரே உதவியாளர்தான் சமையலும் செய்ய வேண்டும், பெருக்கவும் வேண்டும், கழுவவும் வேண்டும். ஆயாம்மா கழிவறை கழுவுவது பற்றி ஊருக்கு எந்தப் புகாரும் இல்லை. சமைப்பதுதான் உறுத்தியது. அந்த ஒரு வாரம் அவர் கழிவறையை மட்டும் கழுவினார்; குழந்தைகளைக் கழுவி விட்டதும் சமைத்ததும் நான். அதாவது, எந்தக் கலப்பு ஆபத்தானதோ அதை அப்படியே வைத்துக்கொண்டு ஆளின் சாதியை மட்டும் மாற்றினோம். வைரஸுக்கு அதனால் ஒரு இடைஞ்சலும் இல்லை.

இது எங்கள் ஊரில் மட்டும் நடக்கிற கூத்தில்லை. உணவு உரிமை வழக்கில் உச்ச நீதிமன்றம் 2004 ஏப்ரலில் பள்ளிச் சத்துணவுச் சமையலர், உதவியாளர் நியமனத்தில் தலித்துகளுக்கும் பழங்குடிகளுக்கும் முன்னுரிமை தர வேண்டும் என்று உத்தரவிட்டது. 14 ஆண்டுகள் கழித்து, 2018இல், திருப்பூர் மாவட்டம் அவிநாசி அருகே அரசுப் பள்ளி ஒன்றில் அருந்ததியர் பெண் சமைக்கக் கூடாது என்று பள்ளியை முற்றுகையிட்டார்கள். முதலில் அந்தப் பெண்ணைத்தான் இடமாற்றம் செய்தார்கள். போராட்டம் நடந்த பிறகே அதை ரத்து செய்தார்கள். அங்கேயும் யாரும் 'சாதி' என்ற வார்த்தையை முதலில் எடுத்திருக்க மாட்டார்கள் என்று என்னால் பந்தயம் கட்ட முடியும். கை சுத்தமில்லை, சோறு ருசியில்லை, அரிசியில் புழு. இப்படித்தான் ஆரம்பிக்கும்.

தீட்டு என்பது தொற்றைத் தடுக்க முன்னோர்கள் கண்டுபிடித்த வழி என்று வாட்ஸ்அப்பில் வருகிறது, பார்த்திருப்பீர்கள். கொரோனா நேரத்தில் இது பெருகியது. 'சமூக இடைவெளி' என்ற சொல்லைக் கேட்டதும் சிலருக்கு மகிழ்ச்சி தாங்கவில்லை. உலக சுகாதார நிறுவனமே பிற்பாடு உடல் இடைவெளி என்று சொல்லுங்கள் என்று திருத்திக்கொண்டது. இந்த முன்னோர் விஞ்ஞானத்துக்கு ஒரே ஒரு உதாரணம் போதும். 1927 மார்ச் 20ஆம் தேதி மகத்தில் அம்பேத்கர் ஆயிரக்கணக்கான மக்களோடு சவுதார் குளத்துக்குப் போய்த் தண்ணீர் குடித்தார். தீட்டுப்பட்ட குளத்தை எப்படிச் சுத்தம் செய்தார்கள்? 108 பானைகளில் மாட்டுச் சாணமும் மூத்திரமும் பாலும் தயிரும் ஊற்றினார்கள். குடிக்கிற தண்ணீரில்! என்னிடம் படிக்கிற நான்கு வயதுக் குழந்தைகூட அதைச் சுத்தம் என்று ஒப்புக்கொள்ளாது.

2022 டிசம்பரில் புதுக்கோட்டை மாவட்டம் வேங்கைவயலில் தலித் மக்கள் குடிக்கிற மேல்நிலைத் தொட்டியில் மலம் கலந்தது எப்படி வெளியே தெரிந்தது, நினைவிருக்கிறதா? குழந்தைகளுக்கு வாந்தி, பேதி. மருத்துவமனைக்குக் கொண்டுபோனார்கள். தண்ணீரைப் பாருங்கள் என்று மருத்துவர்கள் சொன்ன பிறகுதான் தொட்டியில் ஏறிப் பார்த்தார்கள். அந்த ஊரில் அதை முதலில் கண்டுபிடித்தது அந்தக் குழந்தைகளின் வயிறு. அந்தச் செய்தியைப் படித்த அன்று எனக்கு எங்கள் மையத்து டிரம்தான் கண்ணில் நின்றது.

'வைரஸுக்குச் சாதி கிடையாது' என்று மேடைகளில் சொல்வார்கள். நானும் சொல்லியிருக்கிறேன். கேட்க நன்றாக இருக்கும். ஆனால் எங்கள் ஊரில் ஊர்த்தெருவுக்கு வீட்டுக்கு வீடு குழாய். காலனிக்குத் தெருவுக்கு ஒரு குழாய், அதிலும் இரண்டு நாளுக்கு ஒரு முறை தண்ணீர். சோப்புப் போட்டு இருபது நொடி கை கழுவு என்று நான் பாட்டுச் சொல்லிக் கொடுக்கிறேன். குடத்துத் தண்ணீரில் பேரக்குழந்தைக்கு இருபது நொடி கை கழுவி விடுகிற பாட்டியின் கணக்கே வேறு. அவர் சோம்பேறி இல்லை. மூன்று குடத்தில் நாளை ஓட்டுகிறவர்.

வேலூரில் குடிசைப் பகுதிகளில் பிறந்த 373 குழந்தைகளைப் பிறந்ததிலிருந்து மூன்று வயது வரை தொடர்ந்து கவனித்து, அங்குள்ள கிறித்தவ மருத்துவக் கல்லூரி ஆய்வாளர்கள் 2011இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. ரோட்டாவைரஸ் பற்றியது, குழந்தைகளுக்கு வருகிற கடும் பேதியின் முக்கியக் காரணம் அந்த வைரஸ். பாதிக்கும் மேற்பட்ட குழந்தைகளுக்கு ஆறு மாதம் முடிவதற்குள்ளேயே அந்தத் தொற்று வந்திருந்தது. ஒரு தடவை வந்தால் அடுத்த தடவைக்குக் கிடைக்கிற பாதுகாப்பும், மெக்சிகோவில் இதற்கு முன் நடந்த ஆய்வில் கண்டதைவிடக் குறைவாக இருந்தது. தடுப்பு மருந்தும் அப்படித்தான். பணக்கார நாட்டில் நன்றாக வேலை செய்கிற ரோட்டா சொட்டு மருந்து, ஏழைக் குழந்தையின் வயிற்றில் அந்த அளவுக்கு வேலை செய்வதில்லை. அதற்காகப் போடாமல் விட்டுவிடக் கூடாது; தமிழ்நாட்டில் 2017இலிருந்து இலவசமாகப் போடுகிறார்கள், நானே வீடு வீடாகப் போய்க் கூட்டி வந்திருக்கிறேன். ஆனால் சொட்டு மருந்து கொடுத்துவிட்டு அதே தொட்டித் தண்ணீரைக் கொடுத்தால் மருந்து பாதி வேலைதான் செய்யும்.

'எப்படியும் வரத்தான் போகுது' என்றும் சிலர் சொல்வார்கள். காலனிக் குழந்தைகளைப் பற்றி இதை நிறைய முறை கேட்டிருக்கிறேன், படித்தவர்கள் வாயிலேயே. அமெரிக்காவில் நியூயார்க் பக்கம் வில்லோபுரூக் என்று மனவளர்ச்சி குன்றிய குழந்தைகளுக்கான பெரிய அரசு விடுதி இருந்தது. நெரிசல், அசுத்தம், மஞ்சள் காமாலை நிரந்தரமாகச் சுற்றிக்கொண்டிருந்தது. 1950களில் சால் குரூக்மன் என்ற மருத்துவரின் குழு அங்கே புதிதாக வந்த குழந்தைகளுக்குக் காமாலை வைரஸை வேண்டுமென்றே கொடுத்து ஆராய்ச்சி செய்தது. கேட்டதற்கு, இங்கே வந்தால் எப்படியும் தொற்றத்தான் போகிறது என்றார்கள். விடுதி ஏன் அப்படி நெரிசலாக, அசுத்தமாக இருக்கிறது என்ற கேள்வி அந்தப் பதிலுக்குள் புதைந்துபோனது. அதைப் படித்தபோது எனக்கு ஏனோ நம்ம ஆதிதிராவிடர் நல விடுதிகள் ஞாபகம் வந்தன. வைரஸ் கொடுக்கிறார்கள் என்று சொல்லவில்லை, தவறாக எடுத்துக்கொள்ளாதீர்கள். கழிவறையைப் பார்த்துவிட்டு 'அவங்களுக்கு இது போதும்' என்று சொல்கிற அந்தக் குரல்தான் ஞாபகம் வந்தது.

அந்தப் பையனுக்கு வருகிறேன். வாய் முழுக்கப் புண். தண்ணீர்கூட இறங்கவில்லை. இந்த நோய்க்குத் தனி மருந்து கிடையாது. காய்ச்சலுக்குப் பாராசிட்டமால், மற்றபடி ஆறிய கஞ்சி, மோர், இளநீர், உப்பு சர்க்கரைக் கரைசல் என்று கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே போய்க்கொண்டே இருக்க வேண்டும். ஒரு வாரம், பத்து நாளில் தானாக ஆறும். சாதாரணமாக நானோ ஆயாம்மாவோ வீட்டுக்குப் போய்ப் பார்த்திருப்போம், ஒரு நாளைக்கு எத்தனை முறை மூத்திரம் போகிறான் என்று கேட்டிருப்போம். அந்த வாரம் நான் காலனிப் பக்கமே போகவில்லை. போனால் ஊர் என்ன சொல்லும் என்ற பயம். ஐந்தாம் நாள் பையன் கண் சொருகிக் கிடந்தான். அரசு மருத்துவமனையில் இரண்டு நாள் குளுக்கோஸ் ஏற்றினார்கள். பிழைத்துக்கொண்டான்.

அவன் எடை முந்தைய மாதம் 12 கிலோ 400 கிராம். திரும்பி வந்தபோது 11 கிலோ 600. வராமல் நிறுத்தப்பட்ட மற்றப் பத்துக் குழந்தைகளில் நான்கு பேரின் எடை அந்த மாதம் ஏறவே இல்லை. அவர்களுக்கு நோயே வரவில்லை, சோறுதான் வரவில்லை. வாரத்துக்கு மூன்று முட்டை, தினமும் சத்துமாவு, மதியம் சூடான சாதம். ஊர்த்தெருவில் சில வீடுகளுக்கு அது கூடுதல் தீனி. காலனியில் பல குழந்தைகளுக்கு அன்றைக்கு ஒழுங்கான சாப்பாடு அது ஒன்றுதான். அந்த எண்களை நான்தான் எழுதினேன், என் கையெழுத்தில் இருக்கிறது.

அந்தப் பெண்ணுக்கு எட்டு நாள் வேலை போனது. அந்த வருடம் நூறு நாள் வேலைக்கு அரசு அறிவித்த கூலி நாளுக்கு 281 ரூபாய். கையில் வந்தது அதைவிடக் குறைவு. "குழந்தைக்கு உடம்பு சரியில்லைன்னா வீட்ல வெச்சிக்கங்க" என்று நான் எல்லா அம்மாக்களிடமும் ஒரே வாக்கியமாகத்தான் சொல்வேன். மத்திய அரசில் வேலை செய்கிற பெண்களுக்குக் குழந்தைப் பராமரிப்புக்கென்று பணிக்காலத்தில் 730 நாள் விடுப்பு உண்டு. கூலிக்காரப் பெண்ணுக்கு ஒரு நாள் கிடையாது. அதனால் என்ன ஆகும்? காலையில் பாராசிட்டமால் கொடுத்து, காய்ச்சலை இறக்கி, மையத்தில் விட்டுவிட்டுப் போய்விடுவார்கள். பத்தரை மணிக்குச் சூடு ஏறும். நாங்கள் 'பொறுப்பில்லாத அம்மா' என்று திட்டுவோம். இந்தக் காய்ச்சலை மறைக்கிற வேலையை டவுனில் ப்ளே ஸ்கூலுக்கு அனுப்புகிற சாப்ட்வேர் அம்மாக்களும் செய்கிறார்கள், என் மருமகளே செய்திருக்கிறாள். அங்கேயும் மாதம் தவறாமல் சளி, கை, கால், வாய் நோய் எல்லாம் சுற்றுகிறது. கூட்டமாக வளர்க்கிற இடத்துக்கு வரும் குழந்தைக்கு முதல் வருடம் அடிக்கடி சளி பிடிக்கும். போகப் போகக் குறையும். ப்ளே ஸ்கூலில் வந்தால் பெற்றோருக்கு ஒரு வாட்ஸ்அப் செய்தி வரும், அவ்வளவுதான். அதற்காக எந்தத் தெருவையும் யாரும் ஒதுக்குவதில்லை.

அது முடிந்த பிறகு என்ன செய்தேன் என்று கேட்பீர்கள். பெரிதாக ஒன்றும் இல்லை. ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவரிடம் போய் உட்கார்ந்து கேட்டேன். இளம்பெண், பொறுமையாகச் சொன்னார். கொரோனா காலத்தில் கொடுத்த சானிட்டைசர் பாட்டில்களைப் பெருமையாக மேசையில் வைத்திருந்தேன். இந்த வகை வைரஸுக்கு அது சரியாக வேலை செய்யாது, சோப்பும் ஓடுகிற தண்ணீரும்தான் என்றார். கழிவறை, விளையாட்டுச் சாமான், கதவுப் பிடிக்கு பிளீச்சிங் பவுடர் கரைசல். பொதுத் துண்டை அன்றே எரித்தேன். பழைய வேட்டி கிழித்து 26 கைத்துண்டு தைத்தோம். 26 ஆணி அடித்தோம். எழுத்துத் தெரியாத குழந்தைகள் என்பதால் ஒவ்வொரு ஆணிக்கு மேலும் ஒரு படம்: மயில், பூனை, வெண்டைக்காய், ரயில். டிரம்முக்கு அடியில் ஒரு குழாய் வைக்க ஐந்நூறு ரூபாய்கூட ஆகவில்லை. 26 ஆண்டில் எனக்கு அது தோன்றவில்லை.

ஆணி அடித்த அன்று ஊர்த்தெருத் தாய் ஒருவர் வந்து, அந்தத் தெருப் பிள்ளைகளின் துண்டெல்லாம் அந்தக் கடைசிச் சுவரில் இருக்கட்டுமே என்றார். அம்பேத்கர் பள்ளிக்கூடத்துக்குத் தன் சாக்கைத் தானே எடுத்துப் போய், தனியே உட்கார்ந்து, திரும்பச் சுருட்டி வீட்டுக்குக் கொண்டுவந்த கதையை நீங்கள் எல்லாரும் படித்திருப்பீர்கள். எனக்கு அப்போது அது தெரியாது. ஆனால் இந்த முறை முடியாது என்றேன். யாருக்கு எந்தப் படம் என்று குழந்தைகளே எடுத்தாயிற்று, மாற்றினால் அழுவார்கள் என்றேன். கோழைத்தனமான பதில்தான், கொள்கை பேசவில்லை. ஆனால் ஆணிகள் அப்படியே இருந்தன. ஆயாம்மாவும் சமையலுக்குத் திரும்பினார். ஒரு மாதம் மூன்று குழந்தைகள் வீட்டிலிருந்து டப்பா கொண்டுவந்தன, பிறகு டப்பா நின்றுவிட்டது. கழிவறை வேலைக்குத் தனியாக ஒரு ஆள் வேண்டும் என்று எழுதிக் கேட்டேன். பதில் வரவில்லை. நான் ஓய்வு பெற்ற நாள் வரை வரவில்லை.

அந்தப் பையனின் அம்மாவிடம் மன்னிப்புக் கேட்கப் போனேன். வாசலில் நின்று என்னென்னவோ பேசினேன். அது கையிலிருந்த பாத்திரத்தைத் துலக்கிக்கொண்டே கேட்டது. கடைசியில், "நீங்க வரச் சொன்னா வருவோம், வேணாம்னா நின்னுக்குவோம் டீச்சர். எப்பவும் அதானே" என்றது. கோபமாகச் சொல்லியிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும்.

காலனிக்குத் தனி அங்கன்வாடி கேட்டால் என்ன என்று இங்கே ஒரு தம்பி சீட்டு எழுதிக் கொடுத்திருக்கிறார். கேட்கலாம். 2006 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் தலித், பழங்குடி மக்கள் வாழும் இடங்களுக்கு முன்னுரிமை கொடுத்து மையங்கள் திறக்கச் சொல்லியிருக்கிறது; ஆறு வயதுக்கு உட்பட்ட 40 குழந்தைகள் இருந்தால் அந்தக் குடியிருப்பே கேட்டு வாங்க முடியும். ஊருக்குள் கால் வைக்க முடியாத இடங்களில் அது உயிர் காக்கும். எங்கள் ஊரில் கேட்டிருந்தால் ஊர்த்தெருவுக்குக் கொண்டாட்டமாக இருந்திருக்கும். என் ஆசை வேறு: மையத்தைக் காலனியில் கட்ட வேண்டும், ஊர்த்தெருக் குழந்தைகள் அங்கே வர வேண்டும். ஒரு இடத்தில் அப்படிக் கட்டினார்கள், ஊர்க் குழந்தைகள் டவுன் ப்ளே ஸ்கூல் வேனில் ஏறிவிட்டன என்று சக பணியாளர் ஒருவர் சொன்னார். இதற்கு என்னிடம் பதில் இல்லை தம்பி.

ஒன்று கேட்கிறேன். அடுத்த வாரம் உங்கள் ஊர்க் குழந்தைகள் மையத்துக்கு ஒரு நடை போங்கள். சோப்பு இருக்கிறதா, குழாயில் தண்ணீர் வருகிறதா, எத்தனை துண்டு தொங்குகிறது, சமைப்பவரும் கழுவுபவரும் ஒரே ஆளா என்று பாருங்கள். எந்த மனுவையும் நீட்ட வேண்டாம், முதலில் பாருங்கள். மதியம் பன்னிரண்டு மணிக்குப் போனால் நல்லது. சாப்பாட்டுக்கு உட்காரும்போது யார் பக்கத்தில் யார் உட்காருகிறார்கள் என்பதும் தெரியும்.